பச்சை ஸ்டிக்கருக்குக் காய்ச்சல் வராது

பெயிண்டருக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டுக்கு ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தவர், ஏணியின் நாலாவது படியில் நின்றபடியே வெடவெடவென்று ஆட ஆரம்பித்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் ஏணிதான் ஆடுகிறது என்று எண்ணி அதை இன்னும் இறுக்கிப் பிடித்தார். ஆடுவது எது என்று நிமிர்ந்து பார்க்காமல் கைக்கு எட்டியதை இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் வாட்ச்மேனுக்கு மட்டும் உரியதல்ல என்பதை அடுத்த சில வாரங்களில் பெயிண்டர் நன்றாகவே தெரிந்துகொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். கால் மணி நேரத்தில் மலேரியா என்று சொல்லி மாத்திரையும் கொடுத்துவிட்டார்கள். அதுவரைக்கும் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகும்போதுதான், பின்பக்கத்துப் புதுக் கட்டடத்தின் வாசலில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அவரை மறித்தார்.

அந்தக் கட்டடத்தின் பெயர்ப் பலகை மிக நீளம். 'மலேரியா நோயாளிகளிடத்தும் ஆரோக்கியமானவர்களிடத்தும் வைட்டமின் சி மற்றும் ஆன்டிஆக்சிடன்ட் அளவுகளை ஒப்பிட்டு ஆராயும்' என்பதோடு முன்சுவர் தீர்ந்துபோயிருந்தது. 'மையம்' என்ற சொல் சுவரோடு திரும்பிப் பக்கத்துச் சந்தில் தனியாக நின்றது.

"மலேரியாவா?" என்றார் ஆய்வு டாக்டர், வெகுநாள் காணாத சொந்தக்காரரைக் கண்டதுபோல.

"ஆமா சார்."

"இன்னும் மாத்திரை போடலியே?"

"தண்ணி தேடிட்டிருக்கேன் சார்."

"போட்டுடாதீங்க! ரத்தம் எடுத்தப்புறம் போடலாம். இருபத்தொம்பது பேர் சேர்ந்தாச்சு, ஒரு ஆள் குறையுதேன்னு வாசல்லயே நிக்கிறேன். நீங்கதான் முப்பது."

ரத்தம் பிடிக்கிற குழாய் குளிர்ப்பெட்டியில் இருந்தது. குளிர்ப்பெட்டியின் சாவி இயக்குநரிடம் இருந்தது. இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். நோயாளிகளைக் காக்க வைக்கக் கூடாது என்பதைப் பற்றிய கூட்டம் அது. மூன்று மணி நேரம் பெயிண்டர் பெஞ்சில் நடுங்கிக்கொண்டிருந்தார், மாத்திரை சட்டைப் பையில் நடுங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் முடிந்து சாவி வந்து ரத்தம் எடுத்தபின், சட்டையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார்கள். 'நோயாளி 30'. இருபத்தெட்டு நாளைக்கு இது கழலக் கூடாது, ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் எங்கே போனாலும் இது நெஞ்சில் இருக்க வேண்டும் என்றார்கள். காய்ச்சல் அதற்குள் போய்விட்டால் என்ன செய்வது என்று பெயிண்டர் கேட்டார். காய்ச்சல் போகலாம், ஸ்டிக்கர் போகக் கூடாது என்று பதில் வந்தது.

வார்டில் நாலு நாள் படுக்கச் சொன்னார்கள். அந்த வார்டுக்கு ஒரு தனிச் சட்டம் உண்டு. உள்ளே பழம் வரக் கூடாது. ஆரஞ்சு, எலுமிச்சை, கொய்யா, தக்காளி எதுவும். வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளிக்கு இதனால் 'மோப்பம்' என்றே பெயர் வந்திருந்தது. பையைத் திறந்து பார்க்கிற சோலியே இல்லை. மூக்கை ஒரு சுருக்குச் சுருக்கினால் போதும்.

"காய்ச்சல்காரனுக்குப் பழம் நல்லதுன்னுதானே சொல்வாங்க?" என்று பெயிண்டர் ஆய்வு டாக்டரிடம் கேட்டார்.

"நல்லதுதான். அதான் தடுக்கிறோம். உங்க உடம்புல வைட்டமின் சி எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பார்க்கிறோம். நீங்க பாட்டுக்குப் பழத்தைத் தின்னா, இருக்கிற குறைபாடு கெட்டுப் போயிடாதா? அதைப் பத்திரமா வச்சுக்கங்க."

பறிமுதல் செய்த பழங்கள் மாடியில் இயக்குநர் அறைக்கு அழிப்பதற்காகப் போயின. அவை நல்ல முறையில் அழிக்கப்பட்டதற்கு அத்தாட்சியாக, தினமும் மத்தியானம் ஒரு கூடை தோல் கீழே வந்தது.

மூன்றாம் நாள் இயக்குநரே வார்டுக்கு வந்தார். பின்னால் ஏழெட்டு வெள்ளைக் கோட்டுகள். அவர் பெயிண்டரின் கட்டில் பக்கத்தில் நின்று, பெயிண்டரைத் தவிர மற்ற எல்லாரையும் பார்த்துப் பேசினார்.

"சாதாரண மனுஷனுக்குப் புரியற மாதிரி சொல்றேன். மலேரியாக் கிருமி ரத்தத்துக்குள்ள போனா என்ன ஆகும்? இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உள்ளே எல்லாம் அரிக்க ஆரம்பிக்கும். அந்தத் துருவைத் தடுக்கிறதுதான் ஆன்டிஆக்சிடன்ட். வைட்டமின் சி அதுல ஒண்ணு. சண்டை போட்டுப் போட்டே அது தீர்ந்து போயிடும். எவ்வளவு தீர்ந்துச்சுன்னு நாம நாலு தடவை அளக்கிறோம்."

துரு என்ற சொல் காதில் விழுந்ததும் பெயிண்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாழ்க்கை முழுக்கத் துருவோடு மல்லுக்கட்டியவர்.

"அளந்தப்புறம் சார்?"

இயக்குநர் முதல்முறையாகக் கீழே பார்த்தார். "என்ன அளந்தப்புறம்?"

"இல்ல சார், கிரில்லு துருப்பிடிச்சா நாங்க உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, பிரைமர் அடிப்போம். அது மாதிரி குறைஞ்ச வைட்டமினைத் திருப்பிக் கொடுப்பீங்களான்னு..."

வெள்ளைக் கோட்டுகள் சிரித்தன. இயக்குநர் சிரிக்கவில்லை. பெரிய மனது. "அது வேற துறை" என்றார். பெயிண்டரின் தலைக்கு மேலிருந்த ஜன்னல் கிரில்லில் துரு செதில் செதிலாக எழும்பி நின்றது. கிரில் பெயிண்ட் அடிக்கக் கேட்டு ஆஸ்பத்திரி எழுதிய கடிதத்துக்கு ஆறு வருஷமாகப் பதில் வரவில்லை என்று பின்னால் வார்டு சிஸ்டர் சொன்னார். அதுவும் வேற துறைதான்.

பெயிண்டரின் மனைவி தினமும் வேலை முடிந்து ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு வருவாள். ஊருக்கு வெளியே பழக் கொட்டகையில் ஆரஞ்சு பொறுக்கி, பெட்டியில் அடுக்குகிற வேலை அவளுக்கு. முதல் நாளே மோப்பம் அவளை வாசலில் நிறுத்தி, வாசனை வருகிறதென்று மூன்று தடவை பையைக் கவிழ்த்துப் பார்த்தான். கடைசியில் வாசனை அவள் கையிலிருந்தே வருகிறதென்று தெரிந்தது. இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் உள்ளே விட்டான். அந்த அமளியைக் கேட்டு இறங்கி வந்த ஆய்வு டாக்டரின் கண்கள் அகல விரிந்தன.

"ஆரஞ்சுக் கொட்டகையிலயா வேலை பார்க்கிறீங்க?"

"ஆமாங்க."

"எத்தனை வருஷமா?"

"பதினொரு வருஷமாங்க."

"பதினொரு வருஷம் ஆரஞ்சுக்கு நடுவுல! அம்மா, உங்களைத்தான் தேடிட்டிருந்தோம். ஆரோக்கியமானவங்க லிஸ்டுல இருபத்தொம்பது பேர்தான் இருக்காங்க. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் கம்மி. ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

அவளுக்கு அன்று விரலில் குத்திப் பார்த்தார்கள். மலேரியா இல்லை. காய்ச்சல் இல்லை. ஆய்வுக்கு ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு, கழுத்துக்குக் கீழே பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 'ஆரோக்கியர் 30'. புருஷன் சிவப்பு முப்பது, பெண்டாட்டி பச்சை முப்பது. ஜோடிப் பொருத்தம் நன்றாக இருக்கிறதென்று சிஸ்டர் கேலி செய்தார். தொற்று தொடங்கி ஒரு வாரம் பத்து நாள் ஆன பிறகே மலேரியா வெளியே தெரியும், கணவரைக் கடித்த கொசு அதே வீட்டில் அவளையும் கடித்திருக்குமே என்று சிஸ்டர் மெதுவாகச் சொல்லியும் பார்த்தார். "இன்னிக்கு இல்ல இல்லியா? போதும்" என்றார் ஆய்வு டாக்டர்.

வம்பு அடுத்த வாரம் ஆரம்பித்தது. பெயிண்டருக்குக் காய்ச்சல் விட்டு, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழாம் நாள் ரத்தம் கொடுக்க அவர் மையத்துக்குப் போனபோது உள்ளே ஒரே கூச்சல். ஓர் ஊழியர் ரத்தம் அளக்கிற மெஷினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. சிவப்புக் கட்டங்கள் குட்டையாகவும் பச்சைக் கட்டங்கள் உயரமாகவும் பளபளவென்று அச்சடித்து வந்திருந்தது. அளந்து முடிப்பதற்கு முன்பே அச்சடித்ததால் அதில் ஒரு பிழையும் இல்லை.

"உங்க வீட்டம்மாவுக்கு வைட்டமின் சி எவ்வளவு தெரியுமா?" என்று ஆய்வு டாக்டர் பெயிண்டரிடம் பாய்ந்தார். "முப்பது நோயாளிங்கள்ல இருக்கிறதிலேயே குறைவு உங்களுதுன்னு நினைச்சோம். உங்களுதுல பாதிகூட அவங்களுக்கு இல்ல. அறுபது பேர்ல கடைசி அவங்க! மூணு தடவை மெஷினைக் கழுவிட்டோம்."

"அவ ஆரஞ்சுக் கொட்டகையில இருக்கா சார்..."

"அதான் கேக்கிறேன்! அவங்க ஆரஞ்சு சாப்பிடறதில்லியா?"

"பழம் கப்பலுக்குப் போகுது சார். மூக்கு வாயெல்லாம் துணி கட்டிட்டுத்தான் உள்ளேயே விடுவாங்க. அடிபட்ட பழம் வாரத்துக்கு ஒண்ணு கொடுப்பாங்க, அதை வீட்டுக்குக் கொண்டாந்து..."

அந்த இடத்தில் பெயிண்டரின் வாய் நின்றுவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் அவள் அந்த ஒற்றைப் பழத்தை உரித்து மூன்று பங்காகப் பிரிப்பாள். இரண்டு பெண்பிள்ளைகளுக்கு இரண்டு, அவருக்கு ஒன்று. பதினொரு வருஷமாக அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டுதான் இருந்தார். நாலாகப் பிரிக்கத் தெரியாதவளா அவள்? ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்தோமா என்று நினைத்தபோது அவருக்கு அவமானமாக இருந்தது.

"அப்போ அவளுக்கு ஏதாவது கொடுங்க சார்" என்றார்.

"கொடுக்கவா? அவங்க ஆரோக்கியமானவங்க ஐயா! ஆரோக்கியமானவங்களுக்குக் கொடுத்தா நோயாளிங்களோட எப்படி ஒப்பிடறது?"

பதினோராம் நாள் காலையில் அவளுக்குக் குளிர் எடுத்தது. பெயிண்டர் இரண்டு கம்பளியையும் போர்த்தினார். தன் சட்டைகளை மேலே போட்டார். அப்படியும் கட்டில் சத்தம் போட்டது. அந்த நடுக்கம் எப்பேர்ப்பட்டது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மத்தியானம் உடம்பு கொதித்தது, சாயங்காலம் வியர்த்து ஊற்றியது. மறுநாள் அவளைக் கைத்தாங்கலாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சீட்டு எழுதும் ஜன்னலில் இருந்தவர் அவளைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"பச்சைன்னு வருதே."

"காய்ச்சல் சார். தொட்டுப் பாருங்க."

"நான் தொட்டுப் பார்த்து என்ன பண்றது? மலேரியா டெஸ்டுக்கு நம்பர் போட்டா ஏத்துக்க மாட்டேங்குது. ஆரோக்கியர்னு பதிவாயிருக்கு. இருபத்தெட்டு நாள் வரைக்கும் பச்சைக்குக் காய்ச்சல் வராது."

"வந்துடுச்சே சார்!"

"உங்களுக்கு வந்திருக்கு. கம்ப்யூட்டருக்கு வரலியே."

ஆய்வு டாக்டரிடம் போனார்கள். அவருக்கு அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. பயந்தது அவளுக்காக என்று பெயிண்டர் ஒரு நிமிஷம் நம்பினார்.

"நாளை மறுநாள் ஆரோக்கியர் விழா. வெளியூர்லேர்ந்து பெரிய பெரிய ஆளுங்க வராங்க. முப்பது பச்சையும் மேடையில நிக்கணும்! இப்போ போய் இப்படிப் பண்றீங்களே அம்மா?"

"நான் வேணும்னேவா பண்றேன்?" என்றாள் அவள். பல் கிட்டிப் போய் வார்த்தை பாதிதான் வந்தது.

"இதைக் காய்ச்சல்னு எழுத முடியாது. 'ஆரோக்கியரின் தற்காலிக அசௌகரியம்'னு ஒரு படிவம் இருக்கு. அதை நிரப்பித் தாங்க. கமிட்டி அடுத்த மாசம் கூடும்."

"அப்படின்னா எங்களுக்கு இந்த ஆய்வே வேணாம் சார். எப்ப வேணும்னாலும் விலகலாம்னு எழுதியிருந்துதே" என்றார் பெயிண்டர்.

"தாராளமா! யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம். விலகல் படிவத்துல அவங்க கையெழுத்துப் போடணும். கையெழுத்துப் போடறப்ப அவங்க தெளிவான உடல்நிலையில இருக்காங்கன்னு நான் சான்று கொடுக்கணும். இப்படி நடுங்கிட்டிருக்கிறவங்களுக்கு நான் எப்படிச் சான்று கொடுப்பேன்? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அப்போ இவ ஆரோக்கியமா இல்லன்னு ஒத்துக்கறீங்க."

"விலகறதுக்கு இல்ல. ஆய்வுக்கு இருக்காங்க."

தெரு முனையில் இருந்த தனியார் கிளினிக்குக்கும் போனார்கள். அங்கே இருந்த வயதான டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, "சந்தேகமே இல்ல, மலேரியாதான்" என்றார். அப்புறம் பச்சை ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "மலேரியா மாத்திரை பெரிய ஆஸ்பத்திரியில மட்டும்தான் கொடுப்பாங்க. அதுவும் இவங்க அவங்களோட பச்சை. நான் ஏதாவது எழுதினா, ஆராய்ச்சியைக் கெடுத்துட்டேன்னு விளக்கம் கேப்பாங்க. கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார். அவரும் கெட்டவர் இல்லை. அங்கே கெட்டவர் என்று யாருமே இல்லை, அதுதான் பெயிண்டருக்கு எரிச்சலைக் கிளப்பியது. கெட்டவன் ஒருத்தன் கிடைத்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியாவது இருப்பார்.

வீட்டில் ஈரத்துணி போட்டார். மூத்த மகள் அம்மாவின் காலைத் தேய்த்தாள். "எனக்கு எதாச்சும் ஆச்சுன்னா..." என்று மனைவி தொடங்கினாள். "வாயை மூடு" என்று அதட்டிவிட்டார். அவர் அதுவரை அவளை அப்படி அதட்டியதில்லை. பயம் வந்தால் மனிதனுக்குக் குரல் பெரிதாகிவிடுகிறது.

விழா நாளன்று மையத்தின் வண்டியே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஆய்வு டாக்டர் இறங்கி, "ஒரு மணி நேரம் நின்னா போதும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அந்த 'அப்புறம்' என்ற சொல்லை நம்பித்தான் பெயிண்டர் அவளை ஏற்றினார். அவரும் கூடவே ஏறிக்கொண்டார். பதினாலாம் நாள் ரத்தம் கொடுக்க வேண்டியிருந்ததால் நெஞ்சில் சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது.

அரங்கம் நிறையக் கூட்டம். மேடையில் முப்பது பச்சைகளும் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நீளமான மேஜையில் ஆரஞ்சுப் பழங்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். பெயிண்டரின் மனைவி கடைசி ஆள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இயக்குநர் ஒலிபெருக்கி முன்னால் வந்தார்.

"பெரியோர்களே! இந்த நாட்டில் நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. தெருவில் கை நீட்டினால் நோயாளி கிடைப்பான். ஆனால் ஆரோக்கியமானவர் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது எங்களைப் போன்ற ஆய்வாளர்களுக்குத்தான் தெரியும். அரும்பாடுபட்டு முப்பது பேரைச் சேர்த்திருக்கிறோம். இவர்களை நாங்கள் கண்ணை இமை காப்பதுபோல் காத்து வருகிறோம். இவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் பதினாலு நாளில் நோய் வந்ததாக எங்கள் பதிவேட்டில் இல்லை. வந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. பதிய நாங்கள் அனுமதிக்கவில்லை. அறிவியல் என்பது கட்டுப்பாடு!"

கைதட்டல். அந்தக் கைதட்டலோடு சேர்ந்து மேஜை கடகடவென்று ஆட ஆரம்பித்தது. அவளுக்கு மறுபடியும் குளிர் எடுத்திருந்தது. விளிம்பைப் பிடித்த கை நடுங்க, மேஜை நடுங்க, கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு ஆரஞ்சு கழன்று உருண்டு இயக்குநரின் காலடியில் போய் நின்றது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு மொத்தக் கோபுரமும்.

"பாருங்கள்!" என்றார் இயக்குநர், கொஞ்சமும் அசராமல். "இந்தக் கௌரவத்தைத் தாங்க முடியாமல் ஆரோக்கியர் முப்பது உணர்ச்சிவசப்பட்டு நடுங்குகிறார்!"

மறுபடியும் கைதட்டல். யாரோ கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள்.

பெயிண்டர் எழுந்தார். மேடையேறித் திட்ட வேண்டும் என்றுதான் எழுந்தார். என்ன திட்டுவது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஏறி அவள் பக்கத்தில் போய் நின்றதும், திட்டினால் அதற்கும் ஒரு படிவம் நீட்டுவார்கள் என்று தோன்றியது. இவர்கள் மனுஷ முகத்தைப் பார்ப்பதே இல்லை, நெஞ்சைத்தான் பார்க்கிறார்கள். அவர் தன் சட்டையிலிருந்த சிவப்பு ஸ்டிக்கரைப் பரபரவென்று கிழித்தார். அவள் கழுத்தடியில் இருந்த பச்சையை எடுத்துவிட்டு அதே இடத்தில் சிவப்பை ஒட்டினார். பச்சையைத் தன் நெஞ்சில் அழுத்திக்கொண்டார். காலமெல்லாம் பெயிண்ட் அடித்த கை, விளிம்பு பிசகாமல் ஒட்டியது.

அரங்கத்துக்கே மின்சாரம் பாய்ந்தது போல ஆகிவிட்டது. "நோயாளி! மேடையில நோயாளி!" என்று ஆய்வு டாக்டர் கத்தினார். "கடுங்காய்ச்சல்ல நடுங்கிட்டிருக்காங்க, யாரு இவங்களை மேலே ஏத்தினது? அறிவிருக்கா யாருக்காவது?" எங்கிருந்தோ ஸ்ட்ரெச்சர் வந்தது. நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நாளாகத் திறக்காத கதவுகளெல்லாம் படீர் படீரென்று திறந்தன. சிஸ்டர் விரலில் குத்தி, மலேரியா என்று பார்த்து, முதல் வேளை மாத்திரையைக் கொடுக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரில் 'நோயாளி 30' என்று போட்டதும் அது சமர்த்தாக ஏற்றுக்கொண்டது.

பெயிண்டரும் பின்னால் ஓடப் பார்த்தார். இயக்குநரின் கை தோளில் விழுந்தது. "நீங்க எங்க போறீங்க? முப்பதாவது இடம் காலியா இருக்கு பாருங்க. நில்லுங்க" என்றார். மீசையும் தாடியுமாக நின்ற ஆரோக்கியர் முப்பதை அவர் ஏற இறங்கப் பார்க்கவும் இல்லை. பச்சை பச்சையாக இருந்தது, எண்ணிக்கை முப்பதாக இருந்தது. சான்றிதழில் அவர் மனைவியின் பெயரும் 'பூரண ஆரோக்கியத்துடன் விளங்குகிறார்' என்ற வரியும் இருந்தன. அதோடு ஓர் ஆரஞ்சுப் பழமும் கொடுத்தார்கள்.

அந்த ஆரஞ்சோடு வார்டு வாசலுக்கு ஓடினார். மோப்பம் எழுந்து நின்றான்.

"பழம் உள்ளே போகாது."

"என் பெண்டாட்டிக்குப்பா. அவ உடம்புல அந்தச் சத்து ஒரு துளிகூட இல்லன்னு உங்க டாக்டரே சொன்னாரு."

"அதனாலதான் உள்ளே விடக் கூடாது. நீங்க பச்சைதானே? நீங்க சாப்பிடுங்க. உங்களுக்குத் தடையில்ல."

பெயிண்டர் வெளியே படியில் உட்கார்ந்தார். பழம் மடியில் இருந்தது. ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. உரித்து ஒரு சுளையை எடுத்து வாயருகே கொண்டு போனார், தின்ன மனசு வரவில்லை. சுளையைத் திரும்ப வைத்துத் தோலால் மூடினார். நிமிர்ந்து பார்த்தபோது, வார்டு ஜன்னலின் கிரில் துருவேறி இளித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவர் வந்தபோது தோளில் ஏணி இருந்தது. இரண்டு கையிலும் இரண்டு டின்கள்.

"என்ன?" என்றான் மோப்பம்.

"கிரில்லுக்குப் பெயிண்ட். ஆறு வருஷமா எழுதிக் கேட்டிருந்தாங்களே, வந்துட்டேன்."

ஆறு வருஷத்துக் கடிதத்தைப் பற்றி மோப்பத்துக்கும் தெரியும். எழுதிக் கேட்டது ஒருநாள் வந்தே தீரும் என்கிற நம்பிக்கை இல்லாவிட்டால் யாராலும் அப்படி ஓர் இடத்தில் வேலை பார்க்க முடியாது. மூக்கைச் சுருக்கினான். டர்ப்பன்டைன் நெடி மண்டையில் ஏறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை ஆட்டினான்.

ஒரு டின்னில் ரெட் ஆக்சைடு இருந்தது. இன்னொரு டின் புதிது. அதற்குள் கொட்டகைத் தோழிகள் பொறுக்கிக் கொடுத்த அடிபட்ட ஆரஞ்சுகள் இருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் ஏணியைப் போட்டு, அதன் மறைவில் பெயிண்டர் ஒரு பழத்தை உரித்தார். அவள் வழக்கம்போல் மூன்று பங்கு வைக்கப் பார்த்தாள். "முழுசும் உனக்கு" என்றார். அவள் ஒரு சுளையை மென்றாள். வெகு நேரம் மென்றாள்.

"பதினொரு வருஷமா இந்தச் சனியனைக் கையில எடுத்து எடுத்து அடுக்கியிருக்கேன்" என்றாள். "இப்படித்தான் இனிக்குமா இது?"

அவர் உப்புத்தாளை எடுத்துக் கிரில்லைத் தேய்க்கத் தொடங்கினார். கண்ணில் துரு விழுந்துவிட்டதென்று சிஸ்டரிடம் சொன்னார். சிஸ்டரும் டின்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமா, இந்த வார்டுல துரு ஜாஸ்தி, தினமும் வாங்க" என்றார்.

தினமும் வந்தார். அடுத்தடுத்த கட்டிலுக்கும் டின் போனது. பத்து நாளில் அவள் எழுந்து நடந்தாள், வீட்டுக்குப் போனாள். மையத்தில்தான் மறுபடியும் கூச்சல் எழுந்தது. மெஷினை இரண்டு தடவை கழுவியும், வார்டில் இருந்தவர்களின் வைட்டமின் சி விறுவிறுவென்று ஏறியிருந்தது. நோயாளி முப்பதுக்கு எல்லாரையும்விட அதிகமாக ஏறியிருந்தது. இயக்குநர் இரண்டு நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, பறிமுதல் பழங்களை அழித்தபடியே யோசித்தார். வார்டுக்குள் பழம் போகவில்லை என்று மோப்பம் எழுதிக் கொடுத்திருந்தான். அப்படியானால் அந்த நாட்களில் வார்டில் புதிதாக நடந்தது என்ன? ஒன்றே ஒன்றுதான்.

கட்டுரை வெளியாகிப் பெரும் பாராட்டைப் பெற்றது. ஜன்னல் கம்பிகளுக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்தால் மலேரியா நோயாளிகளின் ஆன்டிஆக்சிடன்ட் அளவு உயர்கிறது என்பது அதன் முடிவு. காரணம் தெரியவில்லை, மேலும் ஆய்வு தேவை என்று கடைசி வரி. ஆஸ்பத்திரியின் பதினெட்டு வார்டுகளுக்கும் உடனே பெயிண்ட் அடிக்க உத்தரவானது. பழத் தடை அப்படியே இருந்தது. அதைத் தளர்த்தினால் பெயிண்டின் பலன் சரியாகத் தெரியாது என்றார் இயக்குநர்.

இப்போது பெயிண்டர் காலை எட்டு மணிக்கெல்லாம் ஏணியோடு வந்துவிடுகிறார். ஒரு டின்னை அவர் தூக்கிக்கொள்கிறார், இன்னொன்றை அவர் மனைவி தூக்கிக்கொள்கிறாள். வாசலில் ஒரு டின்னுக்குச் சீட்டு எழுதுகிறார்கள். இன்னொரு டின்னில் என்ன இருக்கிறதென்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்கு அவர்களிடம் படிவம் இல்லை.